எண்ணெய் போன வழி

அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவிய டாக்டருக்குத் தூசிதான் அகப்பட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தார். சீல் உடைக்காத கம்ப்ரசர் எண்ணெய் டப்பாக்கள் பட்டாளம்போல அணிவகுத்து நின்ற இடத்தில், போர் முடிந்த பிறகு மிஞ்சிய கடைசிச் சிப்பாய்போல ஒரே ஒரு டப்பா மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. தான் எடுத்து ஊற்றியது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். திருட்டுத்தனமாக எடுத்தவனுக்குக் கணக்குத் தப்பாது. அப்படியானால் மிச்சம் எங்கே? எலி குடித்தது என்று வைத்துக்கொண்டால், அந்த எலி இந்நேரம் எங்கும் நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போயிருக்க வேண்டும். இந்த அறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவர் இடுப்பில் இருந்தது. இன்னொன்று மாற்று ஷிப்டு பார்க்கும் சகலையின் இடுப்பில். டாக்டர் ஸ்டூலிலிருந்து இறங்க மறந்து அங்கேயே நின்றார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழங்களைக் குளிரில் வைத்துக் காப்பாற்றும் ஒரு கிடங்கில் கம்ப்ரசர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். முழ நீள ஸ்குரூடிரைவரின் நுனியை இயந்திரத்தின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். எந்த வால்வுக்குச் சளி, எந்த பேரிங்குக்கு மூட்டுவலி என்று வெளிக்கேட்டில் நின்றே சொல்லிவிடுவார் என்று லோடு தூக்குகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அதில் பாதி பொய். அந்தப் பாதியைக் கிளப்பிவிட்டது அவரேதான். இயந்திரமும் லேசுப்பட்டதல்ல. எட்டு சிலிண்டர்களோடு ஒரு யானை குத்தவைத்து உட்கார்ந்தது மாதிரி அறையை அடைத்துக்கொண்டிருக்கும். அது போடும் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேர் சண்டை போட்டால், தானே ஜெயித்தோம் என்று இருவருமே சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். அந்தச் சத்தத்துக்குள் நாற்காலியில் சாய்ந்தபடி டாக்டர் குழந்தைபோலத் தூங்குவார். ஏதாவது காரணத்தால் அது நின்றுவிட்டால், யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல விழித்துக்கொள்வார்.

வீட்டில் நிலைமை நேர் எதிர். மனைவி போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பிள்ளைகுட்டி இல்லை. அவள் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததே கிடையாது. நடுவழியிலேயே பதில் வந்து அதை மடக்கிவிடும். இப்போது எதையும் கடைசிவரை சொல்லலாம், தடுக்க ஆளில்லை. சொல்லியும் பார்த்தார். அடுப்பைப் பார்த்து, “தண்ணி கொதிச்சிருச்சு” என்றார். சுவர்கள் நான்கும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டன. அங்கே பல்லிகூடச் சத்தம் போடுவதற்குமுன் ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவலாம் என்று எடுத்தால் அதற்குள் கழுவி முடிந்திருக்கும். மீதிச் சாயங்காலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அந்தத் தட்டையே மறுபடியும் கழுவிய நாட்கள் உண்டு. அது இந்நேரம் கண்ணாடியைப்போலத் தேய்ந்து, அதில் மறுபக்கம் தெரிந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஓய்வு பெறும் வயது அவருக்கு எப்போதோ வந்து, வாசலில் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. முதலாளி அவரை விடவில்லை. “இந்த மெஷின் ஓடுற வரைக்கும் நீங்க இருங்க. இது படுத்துருச்சுன்னா புதுசு வாங்கிருவேன். அதுக்கு ஆளே வேணாமாம், அதுவே அதைப் பாத்துக்குமாம். உங்க சகலையை லோடு பக்கம் மாத்திக்கலாம், நீங்க வீட்ல நிம்மதியா இருக்கலாம்” என்று சொல்லியிருந்தார். அந்த ‘நிம்மதி’ என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து டாக்டர் இயந்திரத்தைப் பச்சைப்பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டார். அதை நிறுத்தியிருக்கும்போதும் அடிவயிற்றுச் சூடு ஆறக்கூடாது என்பது விதி. ஆறினால் குளிர் வாயு எண்ணெயில் கரைந்துவிடும். மறுபடி ஓட்டும்போது எண்ணெய் சோப்புத் தண்ணீர்போல நுரைத்து, பேரிங்குகள் பட்டினி கிடக்கும். அதனால் அடியிலிருக்கும் சின்ன ஹீட்டர் எரிகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் தன் டீயையே தொடுவார்.

சகலை என்பவர் அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதே அறையில் மாற்று ஷிப்டு. வயதில் சகலை மூத்தவர், உறவில் டாக்டர் மூத்தவர். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். அதைத் தான் போடும் பிச்சை என்று இருவருமே மனதுக்குள் நினைத்துக்கொண்டார்கள். பெண் எடுத்த வீடு ஒன்று, வேலை பார்க்கும் அறை ஒன்று, ஆனால் சேர்ந்தாற்போலப் பார்த்துக்கொள்வது காலையும் சாயங்காலமும் ஷிப்டு மாறும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஒரு நாள் பேச்சு முழுவதையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். போகிறவர் வருகிறவருக்கு வாயாலேயே எல்லாவற்றையும் ஒப்படைப்பார். பிரஷர் எப்படி, எந்த ரூமில் கதவு சரியாகச் சாத்தவில்லை, மேனேஜர் இன்று எத்தனை ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்பதுவரை. அதோடு சரக்கு குறைந்த காலத்தில் இன்னொன்றும் சொல்வார்கள். “குழாய் துடைச்சாச்சு” அல்லது “நீங்க துடைச்சிருங்க.”

குழாய் துடைப்பது என்றால் துணியை எடுத்துத் துடைப்பதல்ல. இயந்திரத்தின் வயிற்றிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எப்போதும் வாயுவோடு கிளம்பி ஊர்சுற்றப் போகும். குளிர் அறைகளிலிருக்கும் சுருள் குழாய்கள் முழுக்கச் சுற்றிவிட்டு வாயுவோடேயே திரும்பி வரும். கிடங்கு நிறையச் சரக்கிருந்து எட்டு சிலிண்டரும் ஓடினால் வாயு புயலாக வரும், எண்ணெயையும் காதைப் பிடித்து இழுத்துவரும். அறைகள் காலியாகி, பாதி சிலிண்டரில் ஓட்டினால் வாயு மாப்பிள்ளை நடை நடக்கும். மேலே ஏறவேண்டிய குழாயின் அடிவளைவில் எண்ணெயை இறக்கிவிட்டு, “நீ மெதுவா வா” என்று தான்மட்டும் வந்துவிடும். அந்தக் குளிரில் எண்ணெய் தேனாகக் கெட்டிப்பட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். அதனால் நாளுக்கு ஒரு தடவை எட்டு சிலிண்டரையும் சற்றுநேரம் ஏற்றி ஓட்டி, தேங்கியதை அடித்துக்கொண்டுவர வேண்டும். கரண்டு ஆகிறதென்று மேனேஜர் முனகுவார் என்பதால் ஒரு நாளுக்கு ஒருவர் செய்தால் போதும் என்று இருவருக்குள் ஏற்பாடு. யாருக்கு ஓய்கிறதோ அவர் செய்வார், மற்றவரிடம் சொல்வார்.

இந்த ஏற்பாடு முறிந்தது டாக்டர் மனைவி போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு. சகலைக்கு ஒரு பழக்கம் உண்டு. மனதில் ஒரு கேள்வி முளைத்தால் இடம் பொருள் பார்க்காமல் கேட்டுவிடுவார். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்சைக் கூப்பிட்டு, அந்தக் கட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்று விசாரித்த மனிதர். அன்று டீயை ஊதியபடி கேட்டார்.

“ஒரு சந்தேகம். அக்காவே போயாச்சு. இனிமே நாம ரெண்டு பேரும் சகலையா, இல்ல சும்மா ரெண்டு ஆளா?”

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே உறவு, தான் இன்னும் இருக்கிறோமா என்று வந்து விசாரித்ததுபோல இருந்தது.

“அப்ப இனிமே என்னைக் கூப்பிட வேணாம்” என்றார்.

“நான் அதுக்குக் கேக்கல...”

மீதியை இயந்திரம் விழுங்கிவிட்டது. மறுநாள் சகலை கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாமென்று சொன்னபிறகு கூப்பிட அவருக்கென்ன தலையெழுத்தா. டாக்டரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஷிப்டு மாறுவது ஊமைப் படமாகிவிட்டது. சகலை வாசலில் வந்து இருமுவார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். காலையில் டாக்டர் வந்து செருப்பை உதறுவார். சகலை கொட்டாவி விட்டபடி போய்விடுவார். ஒரு தும்மல்கூட உறவு கொண்டாடுவதாக ஆகிவிடக்கூடாதென்று டாக்டர் ஒருநாள் அதை அடக்கி, கண்ணிரண்டும் வெளியே வந்து விழாத குறையாக நின்றார். அன்றெல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அவர் காதில் மனிதக் குரலென்று எதுவும் விழவில்லை.

சரக்கு குறைய ஆரம்பித்தபோதுதான் இயந்திரத்தின் வயிற்றிலிருக்கும் பார்வைக் கண்ணாடியில் எண்ணெய் இறங்கத் தொடங்கியது. வட்டமான சின்னக் கண்ணாடி. அதில் எண்ணெய் பாதியில் நிற்க வேண்டும். இறங்கினால் இயந்திரத்துக்கு வயதாகி எண்ணெய் குடிக்கிறது என்பார்கள். டாக்டர் வெளியே மூச்சு விடவில்லை. ஒரு டப்பாவை உடைத்து ஊற்றினார். இரண்டொரு நாளில் மறுபடி இறங்கியது. மறுபடி ஊற்றினார். பேத்திக்கு அவள் அம்மாவுக்குத் தெரியாமல் மிட்டாய் கொடுக்கிற தாத்தாவைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஊற்றினார். நடுவில் சில நாள் இறங்காமல் இருந்தது. அப்போதெல்லாம் உடம்பு தேறிவிட்டதென்று குதூகலித்தார். இன்று ஸ்டூலின்மேல் நிற்கும்போதுதான் புரிந்தது. அது தேறவில்லை. அந்த நாட்களில் சகலை ஊற்றியிருக்கிறார்.

அதற்குள் இன்னொன்றும் புரிந்தது. கம்ப்ரசர் எண்ணெயைக் குடிப்பதில்லை. எண்ணெய் எங்கும் ஒழுகவில்லையென்றால் உள்ளேதான் எங்கோ இருக்கிறது. அவர் குழாய் துடைக்கவில்லை, சகலை துடைத்திருப்பார் என்று விட்டுவிட்டார். சகலை என்ன நினைத்திருப்பார்? இரண்டு பேரும் ஊற்றிய அத்தனையும் காலியாகக் கிடக்கும் இரண்டாம் நம்பர் ரூமின் குழாய்க்குள் பாம்புபோலச் சுருண்டு படுத்திருக்கிறது. இப்போது யாராவது எட்டு சிலிண்டரையும் ஒரேயடியாக ஏற்றினால் அது மொத்தமாகக் கிளம்பிவரும். வாயுவை அமுக்குவதற்கென்று செய்த சிலிண்டருக்குள் எண்ணெய் கட்டியாக வந்து விழுந்தால் அமுங்காது. வால்வுத் தகடு அப்பளமாக நொறுங்கும், கனெக்டிங் ராடு வளையும். யானை படுத்துவிடும். பிறகு நிம்மதிதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து கேட்டில் லாரி ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. ஆப்பிள் லோடு வந்துவிட்டது. மேனேஜர் ஓடிவந்தார். எந்த அறைக்கும் உள்ளே போகாமலே இரண்டு ஸ்வெட்டர் போடுகிற மனிதர், இப்போது ஓடிவந்ததில் வேர்த்திருந்தார்.

“டாக்டரே, பழமெல்லாம் லாரியில வேகுது. முழுசா ஏத்துங்க. ரெண்டாம் நம்பரை நல்லா இறக்கிக் குடுங்க.”

“கொஞ்சம் நேரம் குடுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“எண்ணெய் வர்ற நேரம்.”

“எங்கேர்ந்து வரணும்?”

“பக்கத்து ரூம்லேர்ந்து” என்றார் டாக்டர்.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பழம் போச்சுன்னா முதலாளி என்னைத்தான் அந்த ரூம்ல தொங்கவிடுவார், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, லாரிக்காரர்களைச் சமாதானம் செய்ய ஓடினார்.

இது ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒருவர் குளிர் அறைக்குள் நின்று, குழாயின் அடிவளைவில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எண்ணெயை இளக்கவேண்டும். இன்னொருவர் இங்கே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சிலிண்டரை இரண்டிரண்டாக ஏற்றி, வருகிற எண்ணெய் அளவுக்கு மேல் போகாமல் அடிவால்வு வழியாக வடிக்கவேண்டும். அங்கே ஊற்றுவதும் இங்கே வடிப்பதும் குரலோடு குரல் சேர்ந்து நடக்கவேண்டும். டாக்டர் செல்போனை எடுத்தார். எண் மனப்பாடம். ஆனாலும் விரல் அதைத் தேடித் தேடிப் போனது.

எடுத்தது மச்சினி.

“நான்தான்” என்றார்.

“அத்தானா? உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்புக்கென்ன. மெஷினுக்கு. அவரை எழுப்பு.”

“எழுப்புனா கடிப்பாரு.”

“கடிச்சா கடிக்கட்டும், எழுப்பு.”

“ஒரு வருஷமா இந்தப் படி ஏறல. நாங்க செத்தோமா இருக்கோமான்னு கேக்கல. மெஷினுக்கு ஒண்ணுன்னதும் குரல் வருது பாருங்க. அக்கா சரியாத்தான் சொல்லுவா, நான் அவருக்கு ரெண்டாம் தாரம், மொதத் தாரம் கெடங்குல இருக்குன்னு.”

மனைவி அப்படிச் சொல்வாளென்று டாக்டருக்குத் தெரியாது. அவளைப்பற்றிப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு எவ்வளவு நாளாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது போனில் தூக்கக் கலக்கமான குரல் வந்தது.

“என்ன?”

“எண்ணெய் ஊத்துனீங்களா?”

“யார் சொன்னா?”

“அலமாரி.”

“ஊத்துனேன்.”

“குழாய் துடைச்சீங்களா?”

“நீங்க துடைக்கல?”

அங்கே எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது, மச்சினி திட்டுவதும் கேட்டது. “ரெண்டாம் நம்பர்தானே” என்றார் சகலை. “எதையும் தொட்டுறாதீங்க. வரேன்.”

அவர் வந்த வேகத்தில் சைக்கிள் நிற்பதற்குமுன் அவர் இறங்கிவிட்டார், சைக்கிள் மட்டும் தனியாகக் கொஞ்சதூரம் போய் விழுந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒரு வீடு தள்ளிக் குடியேறியிருந்தன. வலது காலில் அவர் செருப்பு, இடது காலில் மச்சினியின் பூப்போட்ட செருப்பு. கண்ணாடிக்குமுன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு, எத்தனை டப்பா என்று டாக்டர் கேட்பதற்குமுன்னால் தானே விரல்களைக் காட்டினார். டாக்டருக்குத் தன் விரல்களைக் காட்ட வெட்கமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அதைவிட ஜாஸ்தி” என்றார்.

“மேனேஜர்ட்ட சொல்லியிருக்கலாமே?”

“எண்ணெய் குடிக்குதுன்னா கெழம்னு எழுதிருவாங்க. நீங்க ஏன் சொல்லல?”

“அதுக்குத்தான்.”

“உங்களுக்கென்ன. லோடு பக்கம் போயிருவீங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றார் சகலை. கொதிக்கிற கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க வீட்ல போய் என்ன பண்ணுவீங்க?”

வழக்கம்போல இடம் பொருள் பார்க்காத கேள்விதான். ஆனால் இந்தத் தடவை பதில் கேட்பதற்கு அவர் நிற்கவில்லை. கெட்டிலை ஒரு கையிலும் வெந்நீர் வாளியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, தொங்கிய கோட்டைத் தோளில் போட்டபடி நடந்துவிட்டார். இரண்டாம் நம்பர் கதவு பக்கத்திலேயே, நடையைத் தாண்டினால் கைக்கெட்டும் தூரம். அதைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெள்ளை மூட்டம் பால் பொங்கினதுபோல வழிந்து நடை முழுக்கப் பரவியது. அதற்குள் முதலில் பூப்போட்ட செருப்பு மறைந்தது, பிறகு மீதி ஆளும் மறைந்தார்.

டாக்டர் இரண்டு சிலிண்டரை ஏற்றினார். இயந்திரம் குரலை ஒரு கட்டை உயர்த்தியது. கண்ணாடியோடு மூக்கு ஒட்டும்படி மண்டியிட்டுக்கொண்டார். ஒன்றுமில்லை. அடி விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு மட்டும் நடுங்கியது.

“ஊத்துறேன்” என்று மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. இந்தச் சத்தத்தில் அது எட்டவேண்டுமென்றால் நுரையீரலைக் கழற்றி வெளியே வைத்துக் கத்தவேண்டும். அப்படித்தான் கத்தினார்.

“ஊத்துங்க.”

“வருதா?”

“இல்ல.”

“இப்ப?”

கண்ணாடியின் கீழ்விளிம்பில் பொன்னிறமாக ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. பிறகு அது ஏறியது. கால்வாசி, பாதி. “வருது” என்று டாக்டர் கத்தினார். “மெதுவா. மெதுவா.” அடிவால்வைத் திருகியதும் எண்ணெய் சீறிக்கொண்டு வாளியில் விழுந்தது. திடீரென்று மேலே சிலிண்டரில் ‘டக்’கென்று ஒரு தட்டு. இருவர் உயிரும் அந்தத் தட்டில் ஒருகணம் தொங்கியது. “நிறுத்துங்க” என்றார் டாக்டர். உள்ளே வெந்நீர் நின்றது. தட்டும் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றினார்கள். இப்படி இன்னும் இரண்டு சிலிண்டர் ஏறியது. ஒரு வாளி நிறைந்து, அடுத்த வாளி வைத்தாயிற்று. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, வாளியையும் மூட்டத்துக்குள்ளிருந்து வரும் குரலையும் பார்த்துவிட்டு, இது டாக்டர்கள் சமாச்சாரம் என்று திரும்பிப் போனார்.

ஒரு வருஷத்துப் பேச்சு அந்த இரண்டே சொற்களில் நடந்தது. வருதா. வருது. நடுவில் சகலை, குளிரில் மீசை உறைந்துவிட்டதென்றும், அதை ஒடித்து டீயில் போட்டுக்கொள்ளலாமென்றும் ஒரு தடவை கத்தினார். டாக்டர் சிரித்தது இயந்திரத்துக்கே கேட்டிருக்காது. ஆனால் வால்வைப் பிடித்திருந்த கை குலுங்கியதில் எண்ணெய் அவர் முழங்கால்மேல் தெறித்தது.

எட்டாவது சிலிண்டரும் ஏறியபோது தட்டு எதுவும் இல்லை. அறையே தரையோடு சேர்ந்து ஓடுவதுபோல ஒரே சீரான முழக்கம். டாக்டர் அடிவால்வை மூடினார். கண்ணாடியில் எண்ணெய் சரிபாதியில், ஆணியடித்து நிறுத்தியதுபோல நின்றது. இனிமேல் ஏறாது, இறங்காது. உள்ளே அந்த வளைவில் பனி கரைந்து செம்புக் குழாய் பளபளவென்று தெரிந்திருக்கும். முப்பது வருஷம் இதையே பார்த்த சகலைக்கு அது தெரியாமல் இருக்காது. கதவைச் சாத்திவிட்டு வந்தால் பழத்தை ஏற்ற ஆரம்பிக்கலாம். சகலை சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய், மிச்சத் தூக்கத்தைத் தூங்கிவிட்டு வரலாம். சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும்போது என்ன சொல்வார், இருமுவாரா என்று டாக்டருக்குத் தெரியவில்லை.

“வருதா?” என்று மூட்டத்துக்குள்ளிருந்து கேட்டது.

டாக்டர் அசையாத எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மூட்டம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, மண்டியிட்டிருந்தவரின் இடுப்புவரை சூழ்ந்துகொண்டது.

“வருது” என்றார்.

உள்ளே ஆள் தெரியவில்லை. வெந்நீர் எப்போதோ தீர்ந்திருக்கும். கொஞ்சம் கழித்து, பல் தந்தியடிக்கும் அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

“இப்ப?”